கோஸ்டா ரிக்காவின் மண் சாலைகளில் வாடகைக் கார்: எந்த வண்டி, எந்த வழி, எந்த நேரம்?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். வரும் ஜூலையில் நானும் மனைவியும் ஆறு வயது மகளும் கோஸ்டா ரிக்கா செல்கிறோம். சான் ஹோசேயில் கார் எடுத்து லா ஃபோர்த்தூனா, மொந்தேவெர்தே, பிறகு நிகோயா தீபகற்பத்தில் உள்ள சாந்தா தெரேசா என்று நாங்களே ஓட்டிச் செல்ல எண்ணம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம் வேண்டுமா? கிரெடிட் கார்டிலேயே காப்பீடு இருக்கும்போது வாடகை நிறுவனத்திடம் தனியாக வாங்க வேண்டுமா? வழியில் ஆறு குறுக்கிட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கரடுமுரடான சாலையில் ஒரு காருக்குச் சேதம் வருவது பெரும்பாலும் நான்கு இடங்களில்தான்: டயர், வண்டியின் அடிப்பாகம், கண்ணாடி, தண்ணீர் புகுந்த இன்ஜின். வாடகை ஒப்பந்தங்களின் அடிப்படைக் காப்பீடு பொதுவாக ஈடுகட்டாமல் விட்டுவிடுவதும் இந்த நான்கைத்தான். ஆகவே வண்டியையும் வழியையும் புறப்படும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும்போது, இந்த நான்குக்கும் ஆபத்து வராதபடி பார்ப்பதே சரியான அளவுகோல்.

முதலில் காப்பீடு. கோஸ்டா ரிக்காவில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு இல்லாமல் எந்த நிறுவனமும் உங்களிடம் சாவியைத் தராது. அமெரிக்க கிரெடிட் கார்டுகள் தரும் பாதுகாப்பு வாடகைக் காருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே உரியது. அடுத்தவருக்கு நேரும் இழப்பை அது தொடுவதில்லை. இணையத்தில் ஒரு நாளைக்குச் சில டாலர் என்று காட்டப்படும் வாடகை, கவுன்டரில் பல மடங்காக உயர்வதற்கு இதுவே முதன்மையான காரணம். வண்டியின் சேதத்துக்குக் கார்டையே நம்புவதென்றால், அந்தப் பாதுகாப்பு கோஸ்டா ரிக்காவில் செல்லும் என்று கார்டு நிறுவனம் எழுதித் தரும் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். அப்போதும் பெரிய தொகை ஒன்றை முன்வைப்பாக உங்கள் கார்டில் முடக்கி வைப்பார்கள். அதோடு, கார்டின் விதிகளில் தார் போடாத சாலைகளுக்கு விலக்கு உண்டா என்பதை எழுத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாந்தா தெரேசா வரை போகப்போகிற உங்களுக்கு, டயரும் கண்ணாடியும் அடங்கிய முழுக் காப்பீட்டை நிறுவனத்திடமே வாங்குவது நல்லது என்பது என் முடிவு. ஆனால் முழுக் காப்பீடு என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஆற்றிலோ கடல்நீரிலோ இறக்கியதால் வந்த சேதம் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் வெளியேதான் நிற்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, நான்கு சக்கரமும் இழுப்பதைவிட தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி முக்கியம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கல்லில் இடிபட்டு, இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்தால், எத்தனை சக்கரம் இழுத்தாலும் பயனில்லை. லா ஃபோர்த்தூனா வரை நல்ல தார்ச் சாலை. சிறிய காரே போதும். மொந்தேவெர்தேவுக்குப் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையிலிருந்து குவாசிமால் வழியாக ஏறும் 606-ஆம் எண் சாலையும் இப்போது பெரும்பாலும் தார் போடப்பட்டுவிட்டது. ஆனால் நீங்கள் லா ஃபோர்த்தூனாவிலிருந்து அரெனால் ஏரியைச் சுற்றி, திலாரான் வழியாக வருவீர்கள். அங்கே மலைப்பகுதியில் சரளைக்கல்லும் செங்குத்தான ஏற்றமும் உண்டு. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும் அந்தப் பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்பதால் ஜூலையில் அந்த ஏற்றங்கள் வழுக்கும். ஆகவே ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள். சுசுகி ஜிம்னி 210 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அருமையான மலை வண்டிதான். ஆனால் மூன்று பேரின் பெட்டிகளும் குழந்தை இருக்கையும் அதில் அடங்குவது கடினம். டொயோட்டா ராவ் 4 அளவுள்ள வண்டி உங்களுக்குப் பொருந்தும்.

குழந்தை இருக்கை என்றதும் ஒன்று: 12 வயதுக்கும் 145 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு உரிய இருக்கை அந்நாட்டில் சட்டப்படி கட்டாயம். வீட்டில் இருப்பதையே எடுத்துச் செல்லுங்கள்.

வண்டியைப் பெறும்போது சுற்றிலும், குனிந்து அடிப்பாகத்தையும், வீடியோ எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் சக்கரம் கழற்றும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் இருக்க வேண்டும். கல் சாலையில் டயரின் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் மறுபடி தார்ச் சாலைக்கு வந்ததும் நிரப்பக் கையில் பம்பு இல்லாதவர்கள் அதைச் செய்யக்கூடாது. உங்கள் பயணத்தில் கல் சாலை தொடர்ச்சியாக நீளமில்லை என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலேயே விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக வேகத்தைக் குறையுங்கள். கூர்மையான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழிப்பதும், முன்னே போகும் லாரி தெறிக்கவிடும் கல் கண்ணாடியை உடைப்பதும் வேகத்தாலும் நெருக்கத்தாலும் வருபவை.

இனி ஆறு. இதில் என் பதில் உறுதியானது: இறங்காதீர்கள். இன்ஜினின் சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும், தண்ணீர் அழுத்தப்படாது. காற்று இழுக்கும் குழாய் வழியாகச் சிறிதளவு நீர் உள்ளே போனாலும், மேலெழும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்; பிறகு இன்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும். வேகமாக இறங்கினால் முன்பக்கம் எழும் அலையே குழாய்வரை நீரைக் கொண்டுபோகும். நடந்துபோய் ஆழம் பார்க்கலாம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் யோசனையும் இங்கே ஆகாது. பசிபிக் கரையோர ஆறுகளிலும் கழிமுகங்களிலும் முதலைகள் உண்டு. கடலுக்கு அருகே என்றால் அலையேற்றத்தில் நீர்மட்டம் உயரும். மலையில் பெய்த மழையால், தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும்.

ஆற்றைத் தவிர்ப்பது உங்கள் பயணத்தில் எளிது. மொந்தேவெர்தேவிலிருந்து 606 வழியாக இறங்கி, புந்தாரேனாஸ் துறைமுகத்தில் காரைப் படகில் ஏற்றி, ஏறத்தாழ 70 நிமிடத்தில் பாக்கேராவில் இறங்கி, தம்போர், கோபானோ வழியாகச் சாந்தா தெரேசா செல்லுங்கள். கோபானோவைத் தாண்டியபின் குண்டும் குழியுமாக இருந்தாலும், ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. படகுக்கு வரிசை நீளமாக இருக்கிறதே என்று தெம்பிஸ்கே ஆற்றுப் பாலத்தைச் சுற்றி மேற்குக் கடற்கரையோரமாக வர முயல்பவர்கள்தான் போங்கோ, ஆரியோ ஆறுகளின் கரையில் போய் நிற்கிறார்கள். அந்நாட்டில் எல்லோரும் நம்பும் வேஸ் செயலி வழி காட்டினாலும், அந்தப் பாதையில் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. விடுதிக்காரரிடம் காலையில் கேட்பதே நம்பகமானது. தவறிப்போய் நீரில் வண்டி நின்றுவிட்டால், மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும். மழைக்காலத்தில் நண்பகலுக்குப் பின் மழை பிடித்துக்கொள்ளும். மொந்தேவெர்தேயில் மூடுபனி வேறு. விளக்கும் கோடும் இல்லாத சாலையில் நடப்பவர்களையும் சைக்கிள்களையும் பள்ளங்களையும் பகலில்தான் பார்க்க முடியும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடுவதாகத் திட்டமிடுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஒற்றை வழிப் பாலங்களில் ‘செதா எல் பாசோ’ என்ற பலகை உங்கள் பக்கம் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

டயர் பஞ்சரானதும் உதவுவதுபோல் வந்து பெட்டிகளைத் திருடும் கும்பல்கள் சான் ஹோசே சுற்றுவட்டாரத்தில் உண்டு. மெதுவாக உருட்டிக்கொண்டாவது ஆட்கள் நடமாடும் பெட்ரோல் பங்குக்குப் போய் நிறுத்துங்கள். ஒரு டயர் வீணானாலும் பரவாயில்லை. விபத்து நேர்ந்தால் வண்டியை இடம் மாற்றாமல் 911-ஐ அழைத்துப் போக்குவரத்துக் காவலர் வரும்வரை காத்திருங்கள். உடனே வாடகை நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அவர்களுக்குச் சொல்லாமல் வெளியே பழுது பார்த்தால், கொடுத்த காப்பீட்டுப் பணமும் பயனற்றுப் போகக்கூடும்.