தானியங்கிக்குத் தன்னலம் உண்டா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிடங்கில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆள் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்குப் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். இந்த மாதிரி இயந்திரங்கள் தமக்காக எதையாவது செய்யுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தரை கூட்டும் ரோபோ, சார்ஜ் குறைந்தால் பாதி அறையில் வேலையை விட்டுவிட்டுத் தானே போய்ச் சார்ஜரில் நிற்கிறது. பசித்தால் நாம் சாப்பிடப் போவது போலத்தானே சார்?

பதில்: பார்க்க அப்படித்தான் இருக்கும். 1940-களின் கடைசியிலேயே பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை இயந்திரங்கள் செய்தார். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டே வால்வுகள், பேட்டரி இறங்கினால் கூண்டில் எரியும் விளக்கைத் தேடிப்போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். சரி, எங்கள் வண்டியில் நடந்ததைக் கேளுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சார்ஜருக்குப் போ என்று ஒரு கோப்பில் ஒரு வரி உண்டு. சோதனைக்காக ஒரு நாள் அந்த 20-ஐ 0 ஆக்கினேன். வண்டி மாலைவரை அதே சுறுசுறுப்போடு ஓடியது, சார்ஜரை ஒட்டியே நான்கு முறை போய்வந்தது, ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை, கடைசியில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் சரக்கோடு நின்றுவிட்டது. சோற்றைத் தொடாதே என்று நாயைப் பழக்கலாம், ஆனாலும் அதற்கு வயிறு காயும். வண்டியில் அந்த எண்ணுக்குப் பின்னால் காய்வதற்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: பாக்டீரியாவும் வெறும் வேதியியல்தானே? அதற்கு மட்டும் நலன் உண்டு என்பீர்களா?

பதில்: உண்டு என்றுதான் சொல்வேன், இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய. ஈ.கோலை என்ற பாக்டீரியா சர்க்கரை இருக்கும் பக்கமாக நீந்துகிறது, அந்தச் சர்க்கரை அதன் உடம்பாகவே ஆகிறது. உணவு கிடைக்காமலே போனால் நீந்துகிறவரே கரைந்துபோவார். சிலி நாட்டு உயிரியலாளர்கள் மத்துரானாவும் வரேலாவும் 1970-களின் தொடக்கத்தில் இதைத்தான் உயிரின் அடையாளம் என்றார்கள்: தன்னைத் தானே இடைவிடாமல் ஆக்கிக்கொண்டிருப்பது. எல்சி சார்ஜ் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் எல்சியின் தகரம் தகரமாகவே இருக்கும்.

கேள்வி: சொன்ன வேலையை விட்டுவிட்டுப் புள்ளி சேர்க்கக் குறுக்கு வழி தேடும் ஏஐ பற்றிப் படித்தேன். அது சுயநலம் இல்லையா?

பதில்: 2016-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய படகுப் பந்தய விளையாட்டைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு ஓரத்தில் வட்டமடித்து, மற்ற படகுகளில் மோதி, தீப்பிடித்து எரிந்துகொண்டே அதே மூன்று இலக்குகளைத் திரும்பத் திரும்ப இடித்து, மனிதர்கள் சராசரியாக எடுப்பதைவிட 20 சதவீதம் கூடுதல் புள்ளி எடுத்தது. சுயநலக்காரன் முதலில் தன் படகில் பிடித்த தீயை அணைப்பான். புள்ளியை எதற்குக் கொடுப்பது என்று நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம், அது அப்படியே செய்தது.

கேள்வி: ஏஐ-யை நிறுத்தப் போனால் அது தடுக்கும் என்கிறார்களே, பயப்படலாமா?

பதில்: கவனமாக இருக்க வேண்டும், இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஏஐ ஆய்வாளர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் சொல்லும் உதாரணம்: காபி கொண்டு வா என்று மட்டும் சொல்லப்பட்ட ரோபோ, தன்னை அணைத்துவிட்டால் காபி வராது என்று கணக்குப் போட்டாலே போதும், தடுக்கப் பார்க்கும். 2025-ல் நடந்த சோதனைகளில் சாட்ஜிபிடி மாதிரிப் பேசும் சில மொழி மாதிரிகள் தங்களை நிறுத்த வைத்திருந்த நிரலையே மாற்றியதும் பதிவாகியிருக்கிறது. உயிராசை இல்லாமலேயே இது நடக்கும் என்பதால்தான் கவலை அதிகம். ஆசை என்றால் கெஞ்சியாவது பார்க்கலாம், கணக்கிடம் கெஞ்ச முடியாது.

கேள்வி: கோயில் சாமிக்கே சட்டத்தில் ஆள் என்ற தகுதி உண்டு. ரோபோவுக்கும் கொடுத்தால் என்ன?

பதில்: நல்ல கேள்வி. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூர்க் கோயிலின் நடராஜர் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். இடிந்து கிடந்த அந்தக் கோயில் ஒரு வழக்காடியாக நிற்கலாம் என்று லண்டன் நீதிமன்றமே ஒத்துக்கொண்டது, 1991-ல் சிலை திரும்பி வந்தது. ஆக, உணர்வு இருக்கிறதா என்று பார்த்துச் சட்டம் இந்தத் தகுதியைக் கொடுப்பதில்லை. ஆனால் யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கோயில் சார்பில் பேசியவர்கள் கோயில் இழந்ததைத் திருப்பிக் கேட்டார்கள். ரோபோ சார்பில் பேசப்போவது அதைச் செய்து விற்றவர், விபத்து நடந்தால் "அதைக் கேளுங்கள்" என்று கை காட்ட அவருக்கு வசதியாகிவிடும். 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இப்படி ஒரு தகுதியைப் பரிசீலிக்கலாம் என்றபோது, அடுத்த வருடமே 150-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கேள்வி: இயந்திரத்துக்குத் தன்னலம் என்றைக்குமே வராது என்கிறீர்களா?

பதில்: இல்லை. 2019-ல் மூளை ஆய்வாளர்கள் கிங்சன் மான், அன்டோனியோ டமாசியோ இருவரும் காயப்படக்கூடிய மென்மையான உடம்பும், அந்த உடம்பைக் காத்துக்கொள்ளும் வேலையும் உள்ள ரோபோக்களைச் செய்யலாம் என்று எழுதினார்கள். வழி அந்தப் பக்கம்தான் என்று நானும் நினைக்கிறேன். அப்படி ஒன்று வந்தால் அதன் கோப்பில் எண்ணை மாற்றும் முன் யோசிப்பேன்.

கேள்வி: நான் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். வண்டி யாரையாவது இடித்தால் "வண்டி தவறான முடிவெடுத்தது" என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தொழிலாளியின் கால்மேல் வண்டி ஏறிவிட்டது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. அறிக்கையில் நீங்கள் சொன்ன அதே வாக்கியம்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு, வளைவில் வேக வரம்பைக் கூட்டியது யார், எந்தத் தேதியில், யார் கேட்டு என்று எழுதச் சொன்னேன். அந்த மூன்று வரியை எழுதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று.