ஆக்சிஜன் ஜாஸ்தியானா மூளைக்கு என்ன ஆகும்?

கேள்வி: ஆக்சிஜன் நல்லதுதானே சார், அப்புறம் ஏன் டைவருங்க சுத்தமான ஆக்சிஜனோட ஆழமா போகக்கூடாதுங்கிறாங்க?

பதில்: டைவர் முதுகுல இருக்கிறது பெரும்பாலும் சாதா காத்துதாங்க, சினிமாக்காரங்கதான் அதை ஆக்சிஜன் சிலிண்டர்னு சொல்லிச் சொல்லி நம்மள நம்ப வச்சுட்டாங்க. மேல காத்தோட பிரஷரே 1 அட்மாஸ்பியர், தண்ணில 10 மீட்டருக்கு இன்னும் 1 அட்மாஸ்பியர் ஏறும், அதனால சுத்த ஆக்சிஜனோட வெறும் 6 மீட்டர் இறங்கினாலே ஆக்சிஜன் பிரஷர் 1.6 அட்மாஸ்பியர் வந்துரும், அதைத் தாண்டினா வலிப்பு வர சான்ஸ் ஜாஸ்தி.

மூளை முதல்ல ரத்தக்குழாய சுருக்கி தன்னைக் காப்பாத்திக்கப் பாக்கும், கொஞ்ச நேரத்துல அது தோத்துரும், ஆக்சிஜன் நிறைஞ்ச ரத்தம் மூளைக்குள்ள பாயும், நரம்பை அடக்கி வைக்கிற காபாங்கிற கெமிக்கலும் குறைஞ்சுரும், அவ்ளோதான், நியூரான்லாம், அதாவது மூளையோட நரம்பு செல்லுங்க, கன்னாபின்னான்னு சிக்னல் அனுப்ப ஆரம்பிச்சுரும். உதடு துடிக்கும், காதுல ரீங்காரம் கேக்கும், பார்வை குழாய் வழியா பாக்குற மாதிரி குறுகும். பல சமயம் இது எதுவுமே இல்லாம நேரா வலிப்புதான். வலிப்பு மட்டும்னா பரவால்ல, வாயில இருக்கிற மவுத்பீஸ் நழுவி ஆள் மூழ்கிருவாரு, அதுதான் உயிரை எடுக்கும்.

ரெண்டாம் உலகப்போர் டைம்ல பிரிட்டிஷ் நேவி டாக்டர் கென்னத் டொனால்ட் டைவருங்கள வச்சு டெஸ்ட் பண்ணாரு, ஒரே ஆளுக்கே தாங்குற அளவு நாளுக்கு நாள் மாறுச்சு, ட்ரை சேம்பர்ல, அதாவது தண்ணியில்லாத பிரஷர் ரூம்ல, தாங்கினத தண்ணிக்குள்ள தாங்கல. அதனாலதான் ஆஸ்பத்திரி சேம்பர்ல 2.4 அட்மாஸ்பியர் வரைக்கும்கூட தைரியமா குடுக்கிறாங்க, நடுநடுவே சாதா காத்துக்கு மாத்தி. 1957ல இந்தியாவுக்கே குடிவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்த மாதிரி சோதனைய தன் மேலயே பண்ணி, வலிப்புல முதுகெலும்ப உடைச்சுக்கிட்டவரு!