ஹோம் தியேட்டருக்கு எந்த வயர்? மலையகத்துக் கேள்விகளுக்குப் பதில்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் வீடு வீடாகப் போய் செட் வயரிங் செய்பவன் நான். கேபிள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, டீவியிலிருந்து 5.1 ரிசீவருக்கு ஆப்டிகலா, எச்டிஎம்ஐயா? ஆப்டிகலில்தான் சத்தம் சுத்தம் என்கிறார் கடைக்காரர்.

தம்பி, 5.1 ரிசீவர் என்பது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (ஆழ்ந்த சத்தத்துக்கான பெட்டி) சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கருவி. ஆப்டிகல் சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும் வயர், எச்டிஎம்ஐ படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் வயர். டீவியின் பின்னால் ஏதாவது ஒரு எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில் ‘ஏஆர்சி’ (ARC) அல்லது அதன் புதிய வகையான ‘இஏஆர்சி’ (eARC) என்று எழுதியிருக்கும். டீவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். ரிசீவரிலும் அது இருந்தால் எச்டிஎம்ஐதான். ஆப்டிகல் 1983இல் தோஷிபா கொண்டுவந்த சங்கதி. டொல்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற சுருக்கிய 5.1 ஒலி வகைகள் வரை அதில் போகும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மோஸ் போகாது, ப்ளூரே தட்டில் வரும் தரம் குறையாத ஒலியான ட்ரூஎச்டியும் போகாது. ஏஆர்சியில் ஓடிடி படங்களின் அட்மோஸ் வரும். ட்ரூஎச்டிக்கு இஏஆர்சி வேண்டும். குத்திய பிறகும் சத்தம் வரவில்லையா? டீவி மெனுவில் சிஇசியை (CEC, எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஓன் பண்ணுங்கள். பாதி வீடுகளில் என் வேலையே அதுதான்.

பண்டாரவளையிலிருந்து: சப்வூஃபர் எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. டிஷ் வயரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது.

அக்கா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். டிஷ் வயர் வழியாக ஒரு எர்த், கரண்ட் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் ஓடுவதுதான் அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். முதலில் டீவி, டிஷ் பொக்ஸ், ரிசீவர், சப்வூஃபர் நான்கையும் ஒரே ப்ளக் பேஸிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பொக்ஸை டீவிக்குக் கொடுத்து, டீவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் மட்டும் போடுங்கள். அதில் போவது வெளிச்சம், கரண்ட் இல்லை. அதனால் இரைச்சலுக்கு வழியே கிடையாது. மேலே ஆப்டிகலைக் குறைத்துச் சொன்னேனே, இந்த இடத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கலாம், பிறகு செட்டைத் தொடுகிறவர் உயிருக்கு யார் பொறுப்பு?

மஸ்கெலியாவிலிருந்து: இரண்டு லயத்துக் காம்பராவை (தோட்டத்து வரிசை வீட்டு அறைகளை) இடித்து ஒரே ஹோல் ஆக்கியிருக்கிறோம். பின் ஸ்பீக்கருக்கு 10 மீற்றர் வருகிறது. செட்டோடு வந்த மெல்லிய வயரை ஒட்டுப்போட்டு நீட்டினால் போதுமா?

போதாது தம்பி. 10 மீற்றர் என்றால் கரண்டுக்குப் போக 10, வர 10. அரை சதுர மில்லிமீற்றர் வயரில் அந்த 20 மீற்றருக்குச் சுமார் 0.7 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 1.5 வயர் போட்டால் 0.23தான். ஸ்பீக்கரின் முதுகில் 4 ஓம் என்று இருந்தால் 2.5க்குப் போய்விடுங்கள். சுற்றி வளைத்துப் போகும் தூரத்தையும் கணக்கில் சேர்த்து அளங்கள். கதவு நிலையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

வாங்கும்போது நுனியைச் சீவி, ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் எடுக்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கரண்டைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் ஏறக்குறைய அறுபது வீதம்தான். நாலு தரம் வளைத்தால் முறிந்தும் போகும்.

சுவருக்குள் விட்ட பிறகு எது பிளஸ், எது மைனஸ் என்று குழம்பினால், ரிசீவர் பக்க முனைகளைக் கழற்றி, ஒரு ரிமோட் பற்றரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் பிளஸ்ஸைத் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் சிவப்பு (பிளஸ்) முனைக்குப் போகிறது. உள்ளே இழுத்தால் மாறிக் கிடக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறினாலும் ஆழ்ந்த சத்தம் (பேஸ்) கரைந்துவிடும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

நுவரெலியாவிலிருந்து: இரண்டு வருடத்தில் ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது.

1,868 மீற்றர் உயரத்துப் பனியும் ஈரமும் செம்பைச் சும்மா விடாது சேர். கிளிப்பைத் திறந்து பாருங்கள், பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். ஸ்பீக்கர் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

கொட்டகலையிலிருந்து: தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள்.

வேண்டாம். 2 மீற்றருக்குள் 4கே படம் பார்க்க 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 கிகாபிட்) என்று சான்று ஒட்டிய சாதாரண கேபிள் போதும். மிச்சக் காசுக்கு ஸ்பீக்கர் வயரைத் தடிப்பாக எடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: இடி மின்னலுக்கு சுவிட்சை அணைத்தால் போதுமா?

போதாது. ப்ளக்கையும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் டிஷ் வயர் வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுட்டுவிட்டுப் போன ரிசீவர்கள் என் மேசையில் இப்போதும் இரண்டு கிடக்கின்றன. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கவனம். இடி நெருங்கிவிட்டால் கழற்றப் போகாதீர்கள், முழக்கத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

பதுளையிலிருந்து: சீலிங்கில் போட்ட வயரை எலி கடிக்கிறது.

பிவிசி குழாய்க்குள் விடுங்கள் தங்கச்சி, இரண்டு வாயையும் இரும்புப் பஞ்சால் அடையுங்கள். உள்ளே ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்துப் போட்டுவையுங்கள். நாளைக்கு இன்னொரு வயர் இழுக்கச் சீலிங்கைக் கழற்ற வேண்டியதில்லை.