கால்விரல் கறுக்கிறது, காணியை ஈடு வைக்கலாமா?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 36 வயது. இளவயதிலிருந்தே சுருட்டுப் பழக்கம். நீரிழிவு இல்லை. கால் பெருவிரல் நகத்தோரத்தில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் கறுத்துக்கொண்டு வருகிறது. இரவில் வலி பொறுக்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி விழித்திருக்கிறார். சென்னையில் லேசரால் இரத்தக் குழாய் அடைப்பை எடுத்துவிடலாம் என்று ஒரு தரகர் சொல்கிறாராம். காணியை ஈடு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வைக்காதீர்கள், சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், 1908இல் லியோ பேர்கர் என்ற மருத்துவர் விவரித்த, அவர் பெயராலேயே 'பேர்கர் நோய்' எனப்படும் நோய் போலத்தான் தெரிகிறது. புகையிலையால் விரல்களுக்குப் போகும் சிறிய இரத்தக் குழாய்கள் அழன்று, உள்ளே இரத்தம் உறைந்து அடைபடுகின்றன. காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் இரத்தம் இறங்குகிறது. அதனால்தான் அவருக்கு அது இதமாக இருக்கிறது.

அடைப்பு நுனிக் குழாய்களில் இருப்பதால், பெரிய குழாய்க்குச் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் இங்கே எடுபடாது. இரத்தக் குழாய்ப் படத்தைப் பார்த்ததும் சென்னை மருத்துவரும் இதையே சொல்வார். ஆனால் அதற்குள் தரகர் தன் பங்கை வாங்கியிருப்பார், உங்கள் காணி ஈட்டில் போயிருக்கும். நோயாளியின் பயத்தை விற்றுப் பிழைக்கும் இவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள்.

மருந்து ஒன்றுதான்: புகையிலையை அடியோடு விடுவது. குறைப்பது விடுவதாகாது. நாளுக்கு ஒரு சுருட்டு போதும், நோய் எரிந்துகொண்டேயிருக்கும். 'வெற்றிலையோடு ஒரு துண்டு மட்டும்தான்' என்பார்கள், அதுவும் புகையிலைதான். நிக்கோட்டின் சூயிங்கமும் வேண்டாம்.

அரச வைத்தியசாலையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆனால் விடியப்புறம் போய் வரிசையில் நின்று, வலிமாத்திரையோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருகிறது. பாதத்தின் மேற்புறத்தில் நாடி தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதாதா? நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "காலில் நாடி இருக்கிறதா, டாக்டர்?" சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதமும், இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானும் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எண்ணெய் போட்டு உருவுவதையும் வெந்நீர் ஒத்தடத்தையும் இன்றே நிறுத்துங்கள். மரத்த தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

ஒன்றுக்கு மட்டும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கால் திடீரென்று வெளிறி, குளிர்ந்து, கடும் வலியெடுத்து, விரலை அசைக்க முடியாமல் போனால், அது நள்ளிரவானாலும், ஞாயிறானாலும், நல்லூர்த் தேர் நாளானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் இரத்தம் திரும்பாவிட்டால் தசை செத்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.