பாட்டிலைப் பொறுக்கும் முன்னால் குழாயைப் பாருங்கள்

பள்ளிகளில் சேரும் பிளாஸ்டிக் பாட்டில் பற்றி மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தில் காலி பாட்டில் சேகரிக்கும் போட்டி வைத்தோம். அதிகம் கொண்டுவரும் வகுப்புக்குப் பரிசு. ஆனால் வளாகத்தில் பாட்டில் குறையவே இல்லை, கூடின மாதிரிதான் தெரிகிறது. ஏன்?
– பத்தாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: பரிசு எதற்கோ அதுதானே பெருகும்! அதிக பாட்டிலுக்குப் பரிசு என்றால் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் பாட்டில் பள்ளிக்கு வரும், சிலர் ஜெயிப்பதற்காகவே ஒன்று வாங்கிக் குடிப்பார்கள். போட்டியை அப்படியே திருப்பிப் போடுங்கள்மா. எந்த வகுப்பின் குப்பைத் தொட்டியில் பாட்டில் குறைவோ அந்த வகுப்புக்குப் பரிசு. அதற்கு முன்னால் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சும்மா எண்ணுங்கள். தண்ணீர் பாட்டில் எத்தனை, கூல்டிரிங்ஸ் எத்தனை, இன்டர்வெல்லில் சேருகிறதா, சாப்பாட்டு நேரத்திலா, விளையாட்டு பீரியட் முடிந்த பிறகா என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு 200 பாட்டில் என்று வைத்துக்கொண்டால் 200 வேலை நாளுக்கு 40,000 ஆகிறது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று சுமார் 10 கிராம் என்றாலும் மொத்தம் 400 கிலோ. இந்தக் கணக்கைச் சார்ட்டில் எழுதித் தலைமை ஆசிரியர் அறை வாசலில் ஒட்டுங்கள், சுவரொட்டி வாசகம் எதுவும் தேவைப்படாது.

கேள்வி: வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வா என்கிறார்கள். கொண்டு வருகிறோம், பதினோரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. பள்ளிக் குழாயில் வருகிற தண்ணீர் உப்பு, குழாயும் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது. கடையில் வாங்காமல் என்ன செய்வது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், ராமநாதபுரம்

பதில்: தம்பி, எனக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பள்ளியில் பாட்டில் குவிவது முதலில் குடிதண்ணீர்ப் பிரச்சினை, குப்பைப் பிரச்சினை எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம்பிக் குடிக்கிற தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பாட்டில் வாங்காதே என்று பிள்ளைகளிடம் சொல்வது நியாயமே இல்லை.

உப்பு எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சின்னப் பேனா அளவில்தான் இருக்கும், அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆனால் டிடிஎஸ் நன்றாக இருந்தாலே தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் சொல்லாது. அதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு பரிசோதனைக் குப்பி இருக்கிறது. அதில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள், கறுத்துப்போனால் கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக மாதிரி அனுப்பி, வரும் அறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்றும் அங்கேயே கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் குழாய்களின் எண்ணிக்கை. 600 பேர், 4 குழாய், 10 நிமிட இன்டர்வெல் என்றால் ஒருவருக்கு 4 நொடிதான் கிடைக்கும். அதற்குள் யாரால் பாட்டில் நிரப்ப முடியும்? கேரளத்தில் 2019இல் சில பள்ளிகள் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்க ஆரம்பித்தன, அந்த யோசனை மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு நேரம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நேரம் என்று மணியைப் பிரித்து அடிக்கச் சொல்லுங்கள், காசே செலவில்லை. கழிப்பறை ஓரத்துக் குழாயைக் கை கழுவ விட்டுவிட்டு, குடிக்கிற குழாயை வகுப்பறைப் பக்கம் இழுக்கச் செலவு கொஞ்சம் ஆகும். ஆனால் பள்ளியில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் அதுதான் என்பேன். உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் போட்டால் அது கழித்துவிடும் தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள், சாக்கடைக்குப் போகவிடாதீர்கள்.

கேள்வி: பாட்டிலுக்கு அரசாங்கமே தடை போடவில்லை, நாம் ஏன் போட வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்.
– பதினோராம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: அவர் சொல்லும் தகவல் பெரும்பாலும் சரிதான். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு, தண்ணீர் பாட்டில் கிடையாது. 2022 ஜூலையில் வந்த மத்திய அரசுத் தடையிலும் இல்லை. ஆனால் நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிறது, பதிலுக்குச் சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். தடையோடு தண்ணீரும் கொடுத்தார்கள், அதைக் கவனியுங்கள். பள்ளி தன் வளாகத்துக்கு விதி போட்டுக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். ஆண்டு விழா மேடையில் விருந்தினர் முன்னால் வைக்கிற பாட்டிலிலிருந்தே ஆரம்பிக்கலாம், இருபது லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பேப்பர் கப் வேண்டாம், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் அந்த 14இல் ஒன்று!

கேள்வி: கடையில் வாங்கிய பாட்டிலையே மாதக்கணக்கில் நிரப்பிக் குடிக்கலாமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம்ப்பா. வாய் குறுகல், உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியாது, கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில் ஒன்று பல வருஷம் வரும். வாங்க முடியாத பிள்ளைகளுக்கும் மறந்து வருபவர்களுக்கும் வகுப்புக்கு நாலைந்து டம்ளர் வைத்திருங்கள்.

கேள்வி: சேர்ந்த பாட்டில்களில் பூந்தொட்டி செய்து சுவரில் மாட்டலாம் என்கிறார்கள், செய்யலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: ஒன்றிரண்டு செய்து பாருங்கள், கைவேலை நல்லதுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் மாட்டினால் வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கித் துண்டுதுண்டாக மண்ணில் விழும், அப்புறம் பொறுக்கவே முடியாது. முழு பாட்டிலாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனால் துருவலாக்கி பாலியஸ்டர் நூல் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை: பாட்டிலிலிருந்து ஒரு துண்டு, மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக், மறுசுழற்சி ஆலைகளில் பிரிப்பதும் இப்படித்தான். மிச்சத் தண்ணீரைக் கொட்டி, நசுக்கி, நிறமில்லாததைத் தனியாகக் கட்டுங்கள், அதற்குத்தான் நல்ல விலை. விலையைப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கும்.