‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளையும் மூலத்தையும் சீன மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

நீங்களும் என்னைப் போல இணையவழியில் சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவராகத்தான் இருக்க வேண்டும். ‘ரொக்கம்’ என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ‘கேஷ்’ என்று எழுதப்படுபவை உண்மையில் வேறுவேறு வேர்கொண்ட இரண்டு சொற்கள்.

ரொக்கத்தைக் குறிப்பது லத்தீன் ‘கப்சா’விலிருந்து, இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. சீனத்தில் ‘சியென்ஜின்’ என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

மற்றதுதான் முக்கியம். குவாங்சோவிலிருந்து படிக்கும் என் மாணவர் ஒருவர் வகுப்பின் நடுவே பழைய நாணயம் ஒன்றைக் கேமராவுக்கு அருகே பிடித்தார். நடுவில் சதுர ஓட்டை, அதைச் சுற்றி நான்கு எழுத்துகள். 18ஆம் நூற்றாண்டின் சியென்லூங் பேரரசர் காலத்தது. “இதை நாங்கள் ‘வென்’ என்று எண்ணினோம். ஆங்கிலேயர் ஏன் கேஷ் என்கிறார்கள்?” என்றார்.

அது நம் காசு என்றேன். தென்னிந்தியக் கரையில் அந்தச் சொல்லைக் கேட்ட போர்ச்சுக்கீசியர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப ‘காய்ஷா’ ஆக்கினர். கிழக்கே போனபோது அங்கிருந்த சில்லறை நாணயங்களையும் அப்படியே அழைத்தனர். ஆங்கிலேயர் அவர்களைப் பின்பற்றினர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கே 80 காசு ஒரு ‘பணம்’ (அதுவும் அப்போது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் (தங்க நாணயம்) என்றுதான் இருந்தது. 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தின் படத்தையும் காட்டினேன். ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ‘கேஷ்’. பன்மைக்கான ‘எஸ்’ கிடையாது. எண்ணைச் சொன்ன பிறகும் பெயர்ச்சொல் மாறாதது சீனருக்குப் பழகிய வழக்கம் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

‘எல்லாமே தமிழிலிருந்து வந்தது என்கிறான்’ என்று கிளம்புபவர்கள் மேலே உள்ளதை மீண்டும் படிக்கவும். ரொக்கப் பொருளுக்கு லத்தீன் என்றுதான் எழுதியிருக்கிறேன். இரண்டையும் குழப்பிப் பரப்புவோர்மீது உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம்.

அந்த வகுப்புக்காக நிறுவனம் என்னைக் கண்டித்தது. பாடத்தில் இல்லாததைப் பேசக் கூடாதாம். இதே பாடத்தை நடத்தும் அமெரிக்கர்களுக்கு என்னைவிட இரு மடங்கு ஊதியம். ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி இல்லையே என்கிறார்கள். பதினைந்து ஆண்டு அனுபவத்தையும் பட்டங்களையும் எடுத்துச் சொன்னாலும், பெற்றோர் வெள்ளைக்கார ஆசிரியரைத்தான் கேட்கிறார்கள் என்று பதில் வருகிறது.