டிஎஸ்ஏசிஎல்எஸ்: ஆக்டிவ் டைரக்டரி அனுமதிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஹெல்ப்டெஸ்க் குழுவுக்கு ஒரு ஓயூவில் (கணக்குகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) பாஸ்வேர்ட் ரீசெட் உரிமை மட்டும் தரணும் சார். கமாண்ட் எப்படி அடிக்கிறது?

பதில்: முதலில் டிஎஸ்ஏசிஎல்எஸ் (dsacls: விண்டோஸ் நெட்வொர்க்கின் கணக்கு அடைவான ஆக்டிவ் டைரக்டரியில் அனுமதிகளைப் பார்க்க, மாற்ற உதவும் கட்டளை), அடுத்து ஓயூவின் முழு டிஎன் (அடைவில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் முழுப் பெயர்) மேற்கோள்குறிக்குள், அடுத்து /ஐ:எஸ், கடைசியில் /ஜி "டொமைன்\குழு:சிஏ;ரீசெட் பாஸ்வேர்ட்;யூசர்". /ஜி என்றால் அனுமதி கொடு, சிஏ என்றால் இப்படிப்பட்ட தனி உரிமை. /ஐ:எஸ் போடுவது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்குப் போய்ச் சேரத்தான். அதை விட்டால் கமாண்ட் வெற்றி என்றே சொல்லும், ஆனால் ஒரு யூசருக்கும் ரீசெட் ஆகாது. 'அடுத்த லாகினில் மாற்ற வேண்டும்' என்ற டிக் வேலை செய்ய பிடபிள்யூடிலாஸ்ட்செட் என்ற பண்பு, லாக் ஆன கணக்கைத் திறக்க லாக்அவுட்டைம் என்ற பண்பு. இந்த இரண்டுக்கும் தனித்தனியாக ஆர்பிடபிள்யூபி (பண்பைப் படிக்க, எழுத அனுமதி) கொடுங்கள்.

கேள்வி: அதே வரி பவர்ஷெல்லில் பிழை தருதே?

பதில்: மேற்கோள்குறி விட்டுப்போயிருக்கும். அரைப்புள்ளி வந்த இடத்தில் கட்டளை முடிந்தது என்று பவர்ஷெல் எடுத்துக்கொள்ளும். 'நோ ஜியுஐடி ஃபவுண்ட்' என்று வந்தால் மட்டும், பண்பின் பெயர் ஸ்கீமாவில் (அடைவின் அமைப்பு வரையறை) உள்ள எல்டேப் பெயரோடு ஒத்துப்போகவில்லை.

கேள்வி: ஒரே ஒரு யூசருக்கு ஆக்சஸ் டினைட். நேரடியாக அனுமதி போட்டாலும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகுது, அண்ணா.

பதில்: அந்தக் கணக்கின் அட்மின்கவுண்ட் என்ற பண்பு 1-ஆ என்று பாருங்கள். ஆமென்றால் அட்மின்எஸ்டிஹோல்டர் (நிர்வாகக் கணக்குகளுக்கான அனுமதி மாதிரியை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) வேலை இது. 60 நிமிடத்துக்கு ஒருமுறை பிடிசி எமுலேட்டர் (அந்தப் பொறுப்பில் உள்ள டொமைன் கண்ட்ரோலர்) பாதுகாக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்களுக்கு அந்த அனுமதிகளையே திரும்ப எழுதும், இன்ஹெரிட்டன்ஸையும் (மேலிருந்து அனுமதி இறங்குவதையும்) அணைத்துவிடும். பிரிண்ட் ஆப்பரேட்டர்ஸ்கூட அந்தப் பட்டியலில் உண்டு, பலருக்கும் இது தெரியாது. குழுவிலிருந்து எடுத்தாலும் அட்மின்கவுண்ட் தானாக மாறாது. நீங்களே அழித்துவிட்டு, அந்த யூசரின் டிஎன்னில் /பி:என் ஓட்டி இன்ஹெரிட்டன்ஸைத் திறக்க வேண்டும். இன்னும் நிர்வாகியாக இருப்பவர் என்றால் விட்டுவிடுங்கள். அவர் பாஸ்வேர்டை ஹெல்ப்டெஸ்க் மாற்றவே கூடாது.

கேள்வி: கொடுத்த உரிமையை எடுக்க /டி (D) போடலாமா?

பதில்: வேண்டாம், அது மறுப்பை எழுதும். எடுக்க /ஆர். ஆனால் அந்த ஆப்ஜெக்ட்டில் அந்தக் குழுவுக்கு நேரடியாகக் கொடுத்த அத்தனையும் போய்விடும், ஒன்றை மட்டும் உருவ முடியாது. மேலிருந்து இறங்கியவை அப்படியே நிற்கும். அவற்றை மேல் ஓயூவில் போய்த்தான் எடுக்கணும். இன்னொன்று: மேலிருந்து வரும் மறுப்பை, நேரடியாகக் கொடுத்த அனுமதி வென்றுவிடும். /டி-யை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: எல்லாம் குழம்பிப்போச்சு, /எஸ் அடிக்கலாமா?

பதில்: அது ஸ்கீமாவின் இயல்பு அனுமதிக்குக் கொண்டுபோகும், /டீ (T) சேர்த்தால் கீழே உள்ள மரம் முழுக்க. நேரடியாகக் கொடுத்த டெலிகேஷன் (ஹெல்ப்டெஸ்க் போன்ற குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்த உரிமை) எல்லாம் காலி. முதலில் வெறும் டிஎன்னோடு ஓட்டி, வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பிடித்து வையுங்கள். அது படித்துப் பார்க்க மட்டும், திரும்ப ஏற்ற முடியாது.